தண்ணி எடுத்துட்டு வர யாரை அனுப்பினாங்க?

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணியிலயும் பேச வந்திருக்கிற எல்லாருக்கும், முன்னாடி பாய்ல உக்காந்திருக்கிற எங்க பிள்ளைங்களுக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்க கிட்ட நல்ல பண்பையும் குடிமை உணர்வையும் வளர்க்கிறது பாடப்புத்தகமா, பள்ளிக்கூடத்தோட அன்றாட நடப்பா? இதான நடுவர் ஐயா நீங்க குடுத்த தலைப்பு. நடப்புதான்னு சொல்ல வந்திருக்கேன். 19 வருஷமா ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் மாத்தி மாத்தி எடுத்துட்டு இருக்கிற ஒரு டீச்சரா வந்து நிக்கிறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாங்க, வாரத்துக்கு ரெண்டு பீரியட் நீதி போதனைக்கு ஒதுக்கணும், தனி புஸ்தகம் போடணும், பரீட்சை வைக்கணும், அப்பதான் பிள்ளை மனசுல பதியும்னாங்க. பதியறது எப்படின்னு நான் சொல்றேங்க அண்ணா.

நான் மூணாவது படிச்சப்போ எங்க புஸ்தகத்துல மூணு வரி அச்சடிச்சிருக்கும். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத் தன்மையற்ற செயல். இங்க 30 வயசு தாண்டினவங்க எல்லாருக்கும் மனப்பாடமா தெரியும். எங்க டீச்சர் அதை சத்தமா சொல்லுவாங்க, நாங்களும் சத்தமா சொல்லுவோம். அதே டீச்சருக்கு குடிக்கத் தண்ணி வேணும்னா கிளாஸ்ல ரெண்டே ரெண்டு பேரைத்தான் அனுப்புவாங்க, எவர்சில்வர் சொம்பைக் கையில குடுத்து. அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தி. எனக்கு அவ்ளோ பெருமையா இருக்கும், சொம்பைத் துடைச்சுத் துடைச்சு எடுத்துட்டுப் போவேன். கடைசி வரிசையில உக்காந்திருந்த பசங்க ஒரு நாள் கூட, டீச்சர் நான் போறேன்னு எந்திரிச்சதே இல்ல. ஏன்னு யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, ஆனா கிளாஸ்ல இருந்த அத்தன பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எட்டு வயசுல! அந்த மூணு வரிய நான் பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கியிருப்பேன், ஆனா அன்னைக்கு நான் கத்துக்கிட்ட பாடம் அந்த சொம்புதான். அதுல இருந்து வெளிய வர எனக்குப் பல வருஷம் ஆச்சுங்க.

இன்னைக்குப் புஸ்தகத்துலயும் அந்தக் கருத்து ஒரே வரியா இருக்கு, இருக்கட்டும், வேணாம்னு நான் சொல்லல. ஆனா 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில என்ன நடந்துச்சு? பன்னெண்டாவது படிக்கிற பையனை, கூடப் படிச்ச பசங்களே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அந்தப் பசங்களும் பள்ளிக்கூடத்துல வருஷக்கணக்கா படிச்ச பசங்கதானே. அதுக்கப்புறம் அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. சாதிய அடையாளம் காட்டற கலர் கயிறு கையில கட்டக் கூடாது, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல சாதி தெரியற மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுங்கற மாதிரி பரிந்துரையெல்லாம் அதுல இருக்கு. இதெல்லாம் என்னங்க? கயிறு, ரிஜிஸ்டர். எல்லாமே நடப்பு.

அடுத்து பேசின தங்கச்சி ஜப்பானைப் பாருங்கன்னாங்க. பாக்கலாமே. அங்க நல்லொழுக்கத்துக்கு வாரம் ஒரு வகுப்பு 1958லயே வந்துருச்சு, உண்மைதான், ஆனா அரசு அங்கீகரிச்ச புஸ்தகத்தோட தொடக்கப் பள்ளியில முறையான பாடமா ஆனது 2018 ஏப்ரல்லதான்மா. ஃபுட்பால் வேர்ல்டு கப்ல மேட்ச் முடிஞ்சதும் ஜப்பான் ரசிகருங்க குப்பை பொறுக்கினாங்கன்னு நீங்க சொன்னீங்களே, அவங்க 1998லயே ஃபிரான்ஸ்ல அதை செஞ்சிட்டாங்க. எப்படி வந்துச்சு அந்தப் பழக்கம்? ஒண்ணாம் கிளாஸ்ல இருந்தே கிளாஸ் ரூமையும் வராண்டாவையும் பிள்ளைங்களே துடைக்கிறாங்க, மதிய சாப்பாட்டை வெள்ளை அங்கி போட்டுட்டு ஒருத்தருக்கொருத்தர் பரிமாறுறாங்க. முறை வந்தா டாக்டர் பையனும் துடைக்கணும், கடைக்காரர் பொண்ணும் துடைக்கணும்.

நம்ம ஊர்ல கூட்டுறது யாரு? பொண்ணுங்க. பெஞ்ச் தூக்கறது பசங்க. சில இடத்துல டாய்லெட் கழுவ எந்தப் பிள்ளைங்கள அனுப்பினாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அதைச் சொல்லவே எனக்கு வாய் வரல. நான் என் கிளாஸ்ல பேரு வரிசைப்படி அட்டை போட்டு மாட்டினேன், தினம் நாலு பேரு, பசங்க பொண்ணுங்க யாரா இருந்தாலும். ரெண்டாவது நாளே ஒரு அம்மா வந்துட்டாங்க, எம் புள்ள வீட்லயே விளக்குமாறத் தொட்டதில்ல டீச்சர்னு. நான் அட்டையில அஞ்சாவது வரியைக் காட்டினேன், அதுல என் பேரு இருந்துச்சு. ஒண்ணும் பேசாம போயிட்டாங்க.

அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க, நல்ல டீச்சர் கிடைச்சா சரி, கிடைக்காத பிள்ளை என்ன பண்ணும்னு. அதுக்குத்தாங்க சட்டம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு, பிள்ளைய அடிக்கவும் கூடாது மனசு நோகப் பண்ணவும் கூடாதுங்குது. 2022 செப்டம்பர்ல காலை உணவுத் திட்டம் வந்துச்சு, அடுத்த வருஷமே அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் வந்துருச்சு. சில ஊர்ல சமைக்கிற அக்காவோட சாதியச் சொல்லி பிள்ளைங்களைச் சாப்பிட விடல. அப்போ அதிகாரிங்க என்ன செஞ்சாங்க, புஸ்தகமா குடுத்தாங்க? நேரா போய் அந்தப் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாங்க. அதிர்ஷ்டத்தை நம்ப வேணாம்ணா, நடப்பை விதியாக்குங்க.

ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சிக்கிறேன், நடுவர் மணியப் பாக்கிறாரு. நாலாவது எடுத்தப்போ ஒரு ஷார்ப்னர் காணாமப் போச்சு. ஒரு பையனைக் காட்டி எல்லாரும் இவன்தான் டீச்சர்னாங்க, நானும் நம்பி அவன் பையக் கொட்டிப் பாத்துட்டேன். சாயங்காலம் பாத்தா என் நோட்டுக் கட்டுக்கு அடியிலயே கிடக்குது. ராத்திரி தூங்கலைங்க. மறுநாள் காலைல எல்லார் முன்னாடியும் அவன் கிட்ட, தப்பு என் மேலதான்டா, மன்னிச்சிருன்னு சொன்னேன். அவன் தலையக் குனிஞ்சுட்டான், கிளாஸே கப்சிப். அதுக்கப்புறம் எது காணாமப் போனாலும் இவன்தான் எடுத்தான்ங்கற பேச்சே நின்னு போச்சு, முதல்ல தேடிப் பாக்கலாமா டீச்சர்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இதை எந்தப் பாடத்துல வச்சு நான் நடத்துவேன்?

நாளைக்கு திங்கக்கிழமை. காலைல சாப்பாட்டுக்கு எங்க பிள்ளைங்க 26 பேரும் வட்டமா உக்காருவாங்க, நானும் உக்காருவேன். தண்ணி எடுத்துட்டு வர்ற முறை நாளைக்கு யாருக்குன்னு எனக்குத் தெரியாது, அட்டையப் பாத்துதான் சொல்லணும்.

நன்றி, வணக்கம்.