ஸ்கூல் லீவு விடாத ஒரு நாள்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஜூலை 10, வேலூர் சிப்பாய் புரட்சி நாள். காலைல நம்ம வேலூர் மக்கான் சிக்னல்ல சிப்பாய் நினைவுத்தூணுக்கு மாலை போட்டிருந்தாங்க, பஸ்சுக்கு நின்ன யூனிபார்ம் போட்ட பையன் ஒருத்தன் கேட்டான், "இன்னிக்கு இன்னா விசேஷம்ணா, லீவு கூட வுடலியே?"ன்னு. அவனுக்குத்தான் இந்தப் பேச்சு.

தம்பி, ஜனவரி 26-க்கும் முதல்ல லீவு கிடையாது. 1929 டிசம்பர்ல லாகூர் காங்கிரஸ்ல பூரண சுயராஜ்யம்னு தீர்மானம் போட்டு, அடுத்த மாசம் 26-ந்தேதிய சுதந்திர நாளா கொண்டாடச் சொன்னாங்க. சுதந்திரமே வரல, ஆனா ஜனங்க வருஷாவருஷம் கொடி ஏத்தி உறுதிமொழி எடுத்தாங்க, தடியடியும் ஜெயிலும்தான் கெடச்சது. கடைசில சுதந்திரம் வந்த ஆகஸ்ட் 15, வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் குறிச்ச தேதி, ஜப்பான் சரணடைஞ்ச நாள்னு அவர் எடுத்துகிட்டது. ஆனா ஜனங்க காப்பாத்தின தேதிய விட்டுட முடியுமா? அரசியல் சட்டத்த 1949 நவம்பர் 26-லயே ஏத்துகிட்டும், முழுசா அமலாக்க 1950 ஜனவரி 26 வரைக்கும் காத்திருந்தாங்க.

இப்ப நம்மூருக்கு வருவோம். நெத்தில நாமம், விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடு, தோல் வச்ச புதுத் தலைப்பாகைய மாட்டுன்னு கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துல நம்ம சிப்பாய்ங்களுக்கு ஆர்டர் போட்டாங்க. மாட்டுத்தோல்னா இந்துவுக்கு ஆகாது, பன்னித்தோல்னா முஸ்லிமுக்கு ஆகாது. மாட்டமாட்டோம்னு நின்னவங்கள்ல ஒரு இந்துவையும் ஒரு முஸ்லிமையும் சவுக்கால அடிச்சு வேலைய விட்டே தூக்கினாங்க. அந்த ரெண்டு பேரையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க, எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னயே வேலூர் கோட்டைல சிப்பாய்ங்க துப்பாக்கி வெடிச்சுது, திப்பு குடும்பத்த அங்கதான் அடைச்சு வச்சிருந்தாங்க, மைசூர் புலிக்கொடி மேல ஏறுச்சு. ஆற்காட்லருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோட காலைலயே வந்து சேர்ந்தான், நாம பஸ்ல டிக்கெட் எடுத்துப் போற தூரம்தான். அப்புறம் ஒளிஞ்சிருந்த சிப்பாய்ங்க நூறு பேர் கிட்ட இழுத்துட்டு வந்து சுவத்தோரமா நிக்க வச்சு சுட்டாங்க. மொத்தம் செத்தவங்க முன்னூறுக்கு மேல.

ஆனா அந்தத் தலைப்பாகை ஆர்டர் ரத்தாச்சு, மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்கையே லண்டன்லருந்து திருப்பிக் கூப்பிட்டுகிட்டாங்க. 1857 சிப்பாய் கலகத்துக்கு 51 வருஷம் முன்னாடி இது! இந்தப் புரட்சிக்குத் தபால்தலை வந்தது 2006-லதான், 200 வருஷம் ஆகி.

நாளைக்குக் காலைல கோட்டைக்குள்ள நடக்கப் போறோம், அகழிப் பாலத்துகிட்ட நிக்கிறேன், பிள்ளைங்களையும் கூட்டினு வாங்க.