“அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்”: கட்டளையா, விளைவா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: “எங்க சபையில ஒரு மூப்பர் ஆதியாகமம் 3:16-ஐக் காட்டி, புருஷன் மனைவியை ஆளணும், அது தேவ கட்டளைன்னு சொல்றார். சரியா?”

நல்ல கேள்வி. விட்டுட்டுப் போக மனசு வரல. விலக்கின கனியை ஆதாமும் ஏவாளும் சாப்பிட்டதுக்கு அப்புறம் தேவன் ஏவாள்கிட்ட சொல்ற வசனம் அது: “அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்.” ஆதியாகமத் தொடரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், 3-ம் அதிகாரத்துல சாபம்ங்கற வார்த்தை ரெண்டு இடத்துலதான் வருது. 14-ம் வசனத்துல பாம்பு, 17-ல பூமி. ஆணும் பெண்ணும் சபிக்கப்பட்டாங்கன்னு எங்கயும் இல்ல. அவங்களுக்குச் சொல்றது, இனிமே வாழ்க்கை இப்படித்தான் இருக்கும்ங்கறது.

இது கட்டளைன்னா மத்ததும் கட்டளையா இருக்கணுமே? அதே 16-ம் வசனத்துல பிரசவ வேதனை இருக்கு. 18-ல முள்ளும் குருக்கும் இருக்கு. களை பிடுங்கற விவசாயியை யாரும் கீழ்ப்படியாதவன்னு சொல்றதில்ல. 1847-ல எடின்பரோவுல ஜேம்ஸ் யங் சிம்ப்சன்ங்கற மருத்துவர் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பிச்சார். வேதனையைக் குறைக்கறது வேதத்துக்கு விரோதம்னு ஆட்சேபணை வந்தது. அவரும் வேதத்தை வெச்சே பதில் எழுதினார்: ஆதாமோட விலா எலும்பை எடுக்கறதுக்கு முன்னாடி தேவனே அவனுக்கு அயர்ந்த நித்திரை வரப்பண்ணலையா? ஆக, வேதனைக்கு மருந்து தேடறோம், முள்ளைப் பிடுங்கறோம். ஆளுகையை மட்டும் தண்ணி ஊத்தி வளர்க்கணுமா?

ஆதியாகமம் 1:28-ல ஆண்டுகொள்ளுங்கள்னு தேவன் ஆண், பெண் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றார். மீன், பறவை, மிருகம், இதுங்கமேல. ஒருத்தர்மேல ஒருத்தர் இல்ல. புருஷன் தலைங்கறதைப் பத்தி எபேசியர் 5-ல விரிவா பார்த்தோம், அதுக்குள்ள மறுபடி போகல. அங்கே புருஷனுக்கு வர்ற கட்டளை அன்புகூருங்கறது, தன்னை ஒப்புக்கொடுக்கற அளவுக்கு. தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்துப் பத்திரத்தைப் பத்திக் கேட்டப்போ இயேசுவும் பாவத்துக்குப் பின்னாடி வந்த ஏற்பாட்டை அளவுகோலா வைக்கல. “ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை”ன்னு பின்னாடி போறார். மத்தேயு 19:8.

சரி, யார் ஆளணும்ங்கறதைவிட என்னை அதிகமா உறுத்தறது ஆதியாகமம் 3-ம் அதிகாரம் 12-ம் வசனம். பல தடவை சொல்லிட்டேன், இன்னொரு தடவை சொல்றேன். 2:23-ல “என் எலும்பில் எலும்பும்”னு மனைவியைப் பார்த்துப் பாடின ஆதாம் இங்க என்ன சொல்றான்? “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்.” தேவரீர் தந்த! ஒரே வாக்கியத்துல தேவன்மேலயும் பழி, அவ மேலயும் பழி. கடைசியில ஒட்டிக்கிட்டிருக்கற “நான் புசித்தேன்”, அந்த ரெண்டு வார்த்தைதான் பாவ அறிக்கை. உறவு முறிஞ்ச இடம் அதுதான். ஆளுகை அப்புறமா வர்றது. அப்புறம் காயீன் வம்சத்துல வந்த லாமேக்கு ரெண்டு பெண்களைக் கட்டிக்கிறான், அவங்க முன்னாடியே கொலையைச் சொல்லிப் பெருமை பேசறான். சாராய், தானே புருஷனுக்குக் கொடுத்த அடிமைப்பெண் ஆகார் விஷயத்துல, பழியை அந்தப் புருஷன் ஆபிராம்மேல போடறா, அவரோ “உன் அடிமைப்பெண், உன் இஷ்டம்”னு நழுவறார். கொடுமையை அனுபவிச்சது ஆகார்.

அதனால மன்னிப்பு கேட்கும்போது உங்க வாக்கியத்தை ஆதாமோட வாக்கியத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. “நீ அப்படிப் பேசினதால கத்திட்டேன்”, இது ஆதாம் பேசறது. “பிள்ளைங்க முன்னாடி உன்னைக் கத்தினேன், அது பாவம்.” அதோட நிறுத்திடுங்க. செஞ்சதைப் பேர் சொல்லிச் சொல்லணும். “ஏதாவது மனசு நோகற மாதிரி நடந்திருந்தா”ன்னு மழுப்பக் கூடாது. “ஆனா”ன்னு ஆரம்பிச்சா முன்னாடி சொன்னது அத்தனையும் வீண். அவங்க பங்கு என்னன்னு அவங்க சொல்லட்டும். இப்பவே மன்னிச்சாகணும்னு கெடுவும் வைக்காதீங்க, அதுவும் ஒரு ஆளுகைதான்.

அடி விழற வீட்டுக்கு இது பொருந்தாது. அங்க முதல்ல அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போகணும், போலீஸ்கிட்ட போக வேண்டியிருந்தா போகணும். அடிச்சவர் மனந்திரும்பினாராங்கறதை அப்புறம் மாசக்கணக்குல பார்த்துக்கலாம். 3:16-ஐச் சொல்லி அவங்களைத் திருப்பி அனுப்பறது அக்கிரமம். அந்த மூப்பர்கிட்ட 1 பேதுரு 3:7-ஐச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. மனைவியைக் கனம்பண்ணாத புருஷனோட ஜெபத்துக்கே தடை வரும்னு அங்க எழுதியிருக்கு.