அதிபரின் கையெழுத்து எதுவரை செல்லும்?

நண்பர்களே, வணக்கம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அந்த வாரம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. தைத்து முடித்த சரக்கு பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, வாங்குகிறவர் பதிலே சொல்லவில்லை என்று கொஞ்ச நேரம் புலம்பினார். கடைசியில் கேட்டார்: "வக்கீல் சார், ஒரே ஒரு ஆள் ராத்திரியோட ராத்திரியா கையெழுத்துப் போட்டு வரியை ஏத்திட முடியுமா? அந்த ஊர்ல பார்லிமெண்ட், கோர்ட்டு எல்லாம் இல்லையா?"

"இரண்டும் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்ல 1952-இல் இருந்து ஆரம்பிக்க வேண்டும்" என்றேன்.

"அப்ப நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அன்று அவர் கேட்காமல் போனதை நீங்கள் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்.

1952 ஏப்ரல். கொரியப் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதிபர் ஹாரி ட்ரூமன். எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும். அரசு அமைத்த ஊதிய வாரியமும் உயர்வு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. முதலாளிகளோ, கூலியை ஏற்றினால் எஃகு விலையையும் டன்னுக்கு 12 டாலர் ஏற்ற விட வேண்டும் என்கிறார்கள். போர்க்காலம், விலைக் கட்டுப்பாடு இருக்கிறது, முடியாது என்கிறது அரசு. சங்கம் வேலைநிறுத்தத் தேதி குறித்துவிட்டது: ஏப்ரல் 9 பிறந்ததும்.

எஃகு இல்லாவிட்டால் டாங்கி இல்லை, குண்டு இல்லை. ஏப்ரல் 8 இரவு ட்ரூமன் வானொலியில் பேசினார். முதலாளிகளை வறுத்தெடுத்தார். நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். நிர்வாக ஆணை எண் 10340. வர்த்தகத் துறை அமைச்சர் சார்லஸ் சாயர் ஆலைகளைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டார் என்றதும் பூட்டை உடைத்துக்கொண்டு ராணுவம் உள்ளே போனது என்று நினைத்துவிடாதீர்கள். நேற்றுவரை கம்பெனித் தலைவராக இருந்தவரே இன்று முதல் 'அரசின் சார்பில் நிர்வாகி' என்று ஒரு தந்தி போனது. அதே நாற்காலி, அதே மேசை. கொடி மட்டும் மாறியது. ஆனால் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய வக்கீல்கள் அன்று இரவே நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

ட்ரூமன் முன்னால் வேறு வழியும் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய் வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட வைக்கலாம். அவர் அதைத் தொடவில்லை. அந்தச் சட்டம் அவருக்குப் பிடிக்காத சட்டம்; அவர் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பியும் காங்கிரஸ் மீறி நிறைவேற்றியது. (காங்கிரஸ் என்றால் அங்கே நாடாளுமன்றம். நம் ஊர்க் கட்சி ஞாபகம் வந்துவிடக் கூடாது.) இன்னொரு காரணம் நியாயமானது. சங்கம் ஏற்கெனவே டிசம்பர் கடைசியிலிருந்து 99 நாள் தானாகவே பொறுத்திருந்தது. அவர்களை இன்னும் 80 நாள் பொறு என்று கோர்ட்டை விட்டுச் சொல்ல வைப்பதில் என்ன நியாயம் என்று ட்ரூமன் நினைத்தார். எனக்கு அந்த இடத்தில் ட்ரூமன் மேல் மரியாதை உண்டு. வழக்கில் அவர் தோற்றதற்கும் அதே இடம்தான் காரணம்.

எப்படி என்று சொல்கிறேன். அந்த 1947 சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, ஆலைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையும் அதிபருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. கொடுக்க வேண்டாம் என்று காங்கிரஸ் முடிவெடுத்தது. கேட்டு மறுக்கப்பட்ட சாவியை ஐந்து வருடம் கழித்து ட்ரூமன் தானே செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அவசரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அரசியல் சாசனத்தின் 123-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு. அமெரிக்க அதிபருக்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது. அவர் போடும் நிர்வாக ஆணை, ஏற்கெனவே இருக்கிற ஏதாவது அதிகாரத்தில் கால் ஊன்றி நிற்க வேண்டும். எதில் ஊன்றியிருக்கிறது என்பதுதான் வழக்கே.

வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் பைன் முன்னால் வந்தது. அரசுத் தரப்பில் ஹோம்ஸ் பால்டிரிட்ஜ் என்ற அதிகாரி எழுந்தார். நெருக்கடி காலத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா என்று நீதிபதி கேட்க, இரண்டே வரம்புதான் என்றார் அவர்: ஒன்று தேர்தல், இன்னொன்று பதவிநீக்க விசாரணை. அதாவது கோர்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை! நான் நாற்பது வருடமாக கோர்ட்டில் நிற்கிறேன். ஜெயிக்க வேண்டிய வழக்கை ஒரு வாக்கியத்தில் தோற்கடிக்கும் வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு அரசாங்கத்தையே சேர்த்து மாட்டிவிட்டவர் இவர்தான். இது போதாதென்று, ஆலையை எடுத்த மாதிரி பத்திரிகையையும் வானொலியையும் எடுக்க முடியுமா என்று நிருபர்கள் கேட்டபோது ட்ரூமனும், நாட்டுக்கு எது நல்லதோ அதை அதிபர் செய்தாக வேண்டும் என்கிற மாதிரி பதில் சொல்லி வைத்தார். பத்திரிகைகள் விடுமா?

ஏப்ரல் 29 அன்று பைன் ஆணை செல்லாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் நடுப்படியைத் தாண்டி வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. மே 12, 13 தேதிகளில் வாதம். கம்பெனிகளுக்காக வாதாடியவர் ஜான் டேவிஸ்; 1924-இல் ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி சார்பிலேயே அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். ஜூன் 2 அன்று தீர்ப்பு: ஆறுக்கு மூன்று, அரசு தோற்றது.

அந்த ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். எல்லாம் ஒரே கட்சி அதிபர்கள் போட்ட ஆட்கள். அதிலும் டாம் கிளார்க், ட்ரூமனின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, நெருக்கடியில் அதிபரின் அதிகாரம் மிகப் பெரியது என்று 1949-இல் எழுதிக் கொடுத்தவர். அவரும் இப்போது அதிபருக்கு எதிராகக் கையெழுத்திட்டார். ட்ரூமன் மனது என்ன பாடு பட்டிருக்கும்!

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். சுருக்கமானது. அதிபரின் ஆணைக்கு அதிகாரம் இரண்டு இடத்திலிருந்துதான் வர முடியும்: காங்கிரஸ் இயற்றிய சட்டம், இல்லாவிட்டால் அரசியல் சாசனம். சட்டம் எதுவும் இல்லை. சாசனமோ, சட்டம் இயற்றும் வேலையைக் காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. முடிந்தது கதை. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. காங்கிரஸ் வாய்திறக்காத விஷயங்களில் அதிபர்கள் நூற்றைம்பது வருடமாக என்னென்னவோ செய்திருக்கிறார்கள், லிங்கன் செய்யாததா? மூன்று பேருக்காக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி வின்சன் அதைத்தான் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

பெரும்பான்மையில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அவற்றில் இன்றுவரை நிலைத்தது ராபர்ட் ஜாக்சன் எழுதியது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக நின்றவர். ஜெர்மனியில் நெருக்கடி அதிகாரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஆவணங்களோடு படித்தவர். அந்த அனுபவம் தீர்ப்பில் வெளிப்படையாகவே வருகிறது.

ஜாக்சன் சொன்னது இதுதான். அதிபரின் அதிகாரம் ஒரே அளவில் நிற்கிற விஷயம் இல்லை. காங்கிரஸ் செய் என்று சொன்னதைச் செய்யும்போது அது உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் அது ஒரு அந்திப்பொழுது. அங்கே சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிகாரம் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. எஃகு ஆலை விஷயத்தில் காங்கிரஸ் வேறு வழிகளை வகுத்து வைத்திருந்தது. ஆகவே ட்ரூமன் நின்றது அந்த மூன்றாவது இடத்தில்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு இடம். 1941-இல் ரூஸ்வெல்ட் ஒரு விமானத் தொழிற்சாலையைக் கையகப்படுத்தினார். அது சரிதான் என்று அப்போது வாதாடிய அட்டர்னி ஜெனரல் யார் தெரியுமா? இதே ஜாக்சன். அரசுத் தரப்பு அதைத் தூக்கிப் போட்டதும் அவர் கூசவில்லை. வழக்கில் ஒரு தரப்புக்காகப் பேசிய வக்கீலின் பேச்சை நீதிபதி சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது, அந்த வக்கீல் தானாகவே இருந்தாலும், என்று எழுதினார். வக்கீல்கள் இங்கே யாராவது இருந்தால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டீர்கள்.

இன்னொரு இடத்தில் அவர் நெப்போலியனின் பேச்சாகச் சொல்லப்படும் ஒன்றை எடுக்கிறார்: கருவி, அதைக் கையாளத் தெரிந்தவனுக்கே சொந்தம். நெருக்கடிக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரஸுடையது என்று நாங்கள் சொல்லலாம். ஆனால் அது விரலிடுக்கில் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது காங்கிரஸேதான் என்கிறார். ட்ரூமன் ஆலைகளை எடுத்த மறுநாளே காங்கிரஸுக்கு எழுதினார், அப்புறமும் எழுதினார். காங்கிரஸ் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தீர்ப்பு வந்த அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் ட்ரூமன். உடனே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 24 வரை, 53 நாள். நடுவில் பிளாக், மனவருத்தம் தீரட்டும் என்று ட்ரூமனையும் மற்ற நீதிபதிகளையும் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த ட்ரூமன் கொஞ்சம் விஸ்கி உள்ளே போனதும், "ஹியூகோ, உன் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இந்த பர்பன் பிரமாதம்" என்றாராம். அங்கே இருந்த நீதிபதி டக்ளஸ் பிற்பாடு சொன்னது.

இதற்கு அப்புறம் அதிபர்கள் பாடம் படித்தார்கள். அதிகாரம் என் பதவியிலேயே இருக்கிறது என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு, ஏதாவது பழைய சட்டத்தில் ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். அப்படி அடிக்கடி கையில் எடுக்கப்படுவது 1977-ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கச் செய்த உடன்பாடு 1981-இல் வழக்கானபோது உச்ச நீதிமன்றம் அதிபர் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய ரென்குவிஸ்ட், எஃகு வழக்கு நடந்த வருடம் ஜாக்சனிடம் உதவியாளராக இருந்த பையன். குருவின் அளவுகோலை எடுத்து அளந்துதான் எதிர்ப்பக்கமாகத் தீர்ப்புச் சொன்னார். சில விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தில் நேரடி அனுமதி இல்லை. ஆனால் காங்கிரஸ் நெடுங்காலமாக இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததே, அது சம்மதம் மாதிரிதானே என்றார். ஜாக்சனின் அளவுகோலில் உள்ள ஓட்டை அதுதான். மௌனத்தை எப்படி வாசிப்பது?

இப்போது பனியனுக்கு வருவோம். நமக்கு விழுந்த 50-இல் 25 சதவீதம் பல நாடுகளுக்கும் போட்ட பதில் வரி. மீதி 25 நாம் ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக. இரண்டுமே அதே 1977 சட்டத்தின் பெயரால். இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வரி என்ற சொல்லோ, தீர்வை என்ற சொல்லோ கிடையாது. வரி போடும் அதிகாரம் சாசனத்தில் காங்கிரஸுக்குத்தான். ஒழுங்குபடுத்து என்றால் வரியும் போடு என்றுதான் அர்த்தம் என்றது அமெரிக்க அரசு. அது முழுக்கக் குருட்டு வாதமும் இல்லை: 1971-இல் அதிபர் நிக்சன் ஏற்கெனவே தீர்வை உள்ள எல்லா இறக்குமதிக்கும் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது, இதே சொற்கள் இருந்த முந்தைய சட்டத்தைக் காட்டி ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல் அதை ஏற்றது. எதிர்த்தரப்பு சொன்னது, வரி போட வேண்டும் என்று காங்கிரஸ் நினைத்த சட்டங்களில் எல்லாம் அதை வெளிப்படையாக எழுதி, உச்ச அளவையும் காலக்கெடுவையும் சேர்த்தே எழுதியிருக்கிறது என்று. என் கட்சி இரண்டாவது. ஒரு நாட்டின் சுங்க வரிப் பட்டியல் முழுவதையும் ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2025 மே மாதம் அதைத்தான் சொன்னது. ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏழுக்கு நான்கு என்று, இந்தச் சட்டம் இப்படிப்பட்ட வரிகளுக்கு இடம் கொடுக்கவில்லை என்றது. அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது தனிக் கதை. அதற்கு இன்னொரு மாலை வேண்டும்.

நமக்கு 50 சதவீதம் அமலாகி இரண்டு நாள் கழித்து அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு. மறுநாள் காலையிலேயே நண்பர் கூப்பிட்டார்.

"ஜெயிச்சாச்சாமே சார்? அப்ப வரி போயிடுச்சா?"

"இல்லை. மேல்முறையீட்டுக்கு வசதியாக அக்டோபர் 14 வரை தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவரை வரி அப்படியேதான்."

எஃகு முதலாளிகளுக்கு வானொலிப் பேச்சிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 55 நாள்தான் ஆனது, அன்றே ஆலை கைக்கு வந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்த 1952 கதையைச் சொல்லுங்க" என்றார்.