பாடாங் பெசார்: மலேசிய மண்ணில் நின்றபடியே தாய்லாந்துக்குள் நுழைவது எப்படி?

வணக்கம் நேயர்களே. இரண்டு கால்களையும் பெர்லிஸ் மண்ணில் ஊன்றி நிற்கும்போதே கடப்பிதழில் தாய்லாந்து முத்திரை விழுந்துவிடும் இரயில் நிலையம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் இரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். பாடாங் பெசார் என்ற பெயரைக் கேட்டவுடன் பினாங்கில் பாதிப் பேருக்குப் புலுட் அயாம் என்னும் கோழியோடு பரிமாறும் ஒட்டரிசிச் சோறும் மலிவு விலைப் போர்வையும்தான் நினைவுக்கு வரும். அவற்றை எங்கே வாங்கலாம் என்று காட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், அங்காடியை இந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடுகிறேன். இரயில் அங்கே நின்றுவிடுவதால்தான் அந்த எல்லை ஊர் பிழைத்திருக்கிறது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

[காட்சி: பழைய வரைபடம்]

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1909 மார்ச் 10 அன்று பேங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலோ–சயாம் உடன்படிக்கையின்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீதிருந்த உரிமைகளைச் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. தெற்கு நோக்கி இரயில் பாதை அமைப்பதற்காக அதற்கு 40 இலட்சம் பவுன் கடன் கிடைத்தது. அந்தக் கடனைக் கொடுத்தது இலண்டன் அல்ல, நம்முடைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் கருவூலம். ஈயச் சுரங்கங்களும் அப்போதுதான் தழைக்கத் தொடங்கியிருந்த ரப்பர்த் தோட்டங்களும் நிரப்பிய கருவூலம் அது. ஆகவே, சயாமின் தண்டவாளத்தில் நம் பாட்டன்மாரின் வியர்வையும் சிறிது கலந்திருக்கிறது என்று நான் சொன்னால், அது வெறும் பெருமைப் பேச்சாக இருக்காது.

1918 ஜூலையில் இரு நாட்டுப் பாதைகளும் பாடாங் பெசாரில் இணைந்தன. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இங்கேதான் வருகிறது. அப்போது பட்டர்வொர்த்தில் நிலையம் கிடையாது. பினாங்குத் தீவிலிருந்து புறப்படும் பயணி முதலில் படகேறி எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊருக்குப் போய், அங்கேதான் இரயிலைப் பிடிக்க வேண்டும். எல்லையைத் தாண்டி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்து சென்றாலும் பேங்காக் நகரின் மையத்தில் இறங்க முடியாது. ஏனெனில் தென்பாதை சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையோடு முடிந்துவிட்டது, ஆற்றின் குறுக்கே இரயில் பாலம் 1927இல்தான் திறக்கப்பட்டது. படகில் தொடங்கிப் படகில் முடிந்த இரயில் பயணம் அது!

இதே பாதையில் மனம் கனக்கச் செய்யும் பயணமும் நடந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதைக்காக மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள், சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, இந்த எல்லையைத் தாண்டித்தான் தாய்லாந்தின் பான் போங் நோக்கிச் சென்றார்கள். அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், அதைக் கருத்துப் பகுதியில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற எந்தக் கருத்தைவிடவும் அதையே நான் முதலில் படிப்பேன்.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். 1994இல் முழுமையடைந்த வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை மற்றோர் எல்லை ஊரான புக்கிட் காயு ஹீத்தாமில் போய் முடிவதால், லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் பெரும்பாலும் அந்த வழியே போகின்றன. பாடாங் பெசாருக்கு எஞ்சியது தண்டவாளம். ஈப்போவிலிருந்து 329 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைப் பாதை போடப்பட்டு, 2015இல் இடிஎஸ் மின்சார இரயில் இந்த ஊர் வரை வரத் தொடங்கியது. ஆனால் 25,000 வோல்ட் மின்கம்பி இங்கேயே நின்றுவிடுகிறது. இதற்கப்பால் தாய்லாந்தின் டீசல் எஞ்சின்தான் இழுக்க வேண்டும். தண்டவாளத்தின் அகலம் இரு பக்கமும் ஒரே ஒரு மீட்டர்தான் என்றாலும் நம் மின்சார வண்டி அங்கே போக முடியாது. பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக்கிற்கு நேராகச் சென்றுகொண்டிருந்த வண்டியும் 2016 இறுதியிலிருந்து பாடாங் பெசாரோடு நின்றுகொண்டது. முன்பு முத்திரைக்காக மட்டும் இறங்கி மீண்டும் அதே பெட்டியில் ஏறியவர்கள், இப்போது மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாற வேண்டியிருக்கிறது. பயணிக்கு இது தொல்லைதான். ஆனால் காத்திருக்கும் பயணிக்குப் பசிக்கும், காசு மாற்றத் தோன்றும், கடைத்தெருவையும் ஒருமுறை எட்டிப் பார்க்கத் தோன்றும். தென் தாய்லாந்தின் ரப்பர் முதலான சரக்குகளும் கொள்கலன்களில் இவ்வழியாகவே பினாங்குத் துறைமுகத்துக்கு வருகின்றன.

[காட்சி: நிலையத்தின் உட்புறம்]

நிலையத்தின் அமைப்பைக் கவனியுங்கள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் முகப்பில் வெளியேறும் முத்திரையைப் பெற்றுச் சில அடிகள் நடந்தால், அதே கட்டடத்திலேயே தாய்லாந்து அதிகாரியின் முகப்பு வந்துவிடும். அவர் முத்திரை குத்தியபின் சட்டப்படி நீங்கள் தாய்லாந்துக்குள் இருக்கிறீர்கள். உங்கள் காலணியோ இன்னும் பெர்லிஸில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஹாட் யாய் 45 கிலோமீட்டர். எல்லைக்கு அப்பாலும் பாடாங் பெசார் என்றே ஒரு சிறு நிலையம் உண்டு, ஆகவே திரும்பி வரும்போது அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள்.

இனி, கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1920இல் சயாம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முந்திய நேரத்தை ஏற்று, இன்றுவரை அதையே வைத்திருக்கிறது. நம் பக்கம்தான் ஓயாமல் முள்ளைத் திருப்பியது. 1933இல் மலாயா 20 நிமிடம் முன்னே சென்றது. 1941இல் அது 30 நிமிடமாயிற்று. அடுத்த ஆண்டு ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணித்ததால் நாட்டின் கடிகாரமே கிரீன்விச்சைவிட ஒன்பது மணி நேரம் முன்னே தாவியது. போர் முடிந்தபின் சயாமோடு பழைய அரை மணி வித்தியாசம் திரும்பியது. கடைசியாக, சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியை 12.00 என்று மாற்றினார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரத்தைத் தீபகற்பத்தில் யாருமே வாழவில்லை! அன்றுமுதல் இரு நாடுகளுக்கும் இடையே சரியாக ஒரு மணி நேர வித்தியாசம் நிலவுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நானே அங்கே ஏமாந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நிலையத்தின் மாடியில் உள்ள உணவகத்தில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் 3.20 என்று பார்த்து, பட்டர்வொர்த் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கீழே கொமுட்டர் நகரும் ஓசை கேட்டபோதுதான், எல்லையோரக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு என் தொலைபேசி எனக்கு முன்பாகவே தாய்லாந்துக்குப் போய்விட்டது புரிந்தது. இரண்டாவது தேநீருக்கு மலேசிய வெள்ளியில் காசு கொடுத்தேன்; மீதியாகப் பத்துப் பாட் நாணயம் ஒன்றும் சேர்ந்து வந்தது. அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன்.