அரிசி கொடுத்தவரெல்லாம் கூட்டாளியா?

நேயர்களுக்கு வணக்கம்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் ஆசனூர், அதற்கும் அப்பால் தாளவாடி. வீரப்பனைத் தேடி இரு மாநில அதிரடிப்படைகளும் பத்தாண்டுக்கு மேல் அலசிய காடு இது. 2004 அக்டோபர் 18-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு தேடுதல் வேட்டை முடிந்தது. அந்த ஆண்டுகளில் காட்டோர ஊர்களுக்கு என்ன நடந்தது என்பதை ஆராய்கிறவர்களுக்கு வேலை இன்னும் நிறைய இருக்கிறது.

ஆயுதக் குழுவின் தொடர்புகளைப் படமாக வரையும்போது, இரண்டு பேருக்கு நடுவே கோடு இழுப்பது சுலபம். ராத்திரி துப்பாக்கியோடு வந்து நின்றவனுக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுத்தவரும், விரும்பிச் சேர்ந்தவரும் படத்தில் ஒரே கோடாகத்தான் தெரிவார்கள். அதனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் எழுதுங்கள்: எப்போது நடந்தது, யார் சொன்னது, எந்த நிலையில் சொன்னது. 1995-ல் காலாவதியான தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில், எஸ்.பி. நிலை அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே சாட்சியாகச் செல்லுபடியானது. அது நெருக்கி வாங்கியதாகவும் இருக்கலாம்; அப்படி வந்த தகவலுக்குத் தனி நிற மை வையுங்கள். 1993 வாக்கில் பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களில் பெரும்பாலோரை 2001-ல் மைசூர் தடா நீதிமன்றம் விடுவித்தது. ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்த சிக்கல் பெயர். மாதேஸ்வரன் மலை பக்கத்திலேயே இருப்பதால் மாதன், மாதையன், மாதேஷ் என்று ஊருக்குப் பலர். தகப்பன் பெயரும், தொட்டி எனப்படும் அவர் குடியிருப்பின் பெயரும் சேராமல் எவரையும் குறிக்காதீர்கள். கன்னட ஆவணத்தில் அதே பெயருக்கு வேறு எழுத்து இருக்கும்.

தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "பண்ணாரி குண்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? பாலாறு குண்டுவெடிப்புக்கு முன்னாடியா?" என்று கேளுங்கள். குண்டம் என்பது பண்ணாரி கோயிலின் தீமிதித் திருவிழா. பாலாறு சம்பவம், வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி, 1993 ஏப்ரல் 9. அந்த ஒரு நாளை முளையாக அடித்துக்கொண்டால் முன்னும் பின்னும் அளந்துவிடலாம். பிறகு, அதிரடிப்படைகளின் அத்துமீறல் புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் முன் வந்த சாட்சியங்களோடு ஒப்பிடுங்கள். 2007-ல் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது அந்த ஆணையம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

வனத்துறை ஜீப்பிலோ போலீஸ் வண்டியிலோ ஊருக்குள் போய் இறங்கினால் அன்றைக்குப் பேச்சே நடக்காது. சித்திரவதை பற்றிப் பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் கேட்கவே கூடாது. குரல் நடுங்கினால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். நோட்டில் உண்மைப் பெயருக்குப் பதில் எண் போடுங்கள், எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் வேறு ஊரில், வேறு பெட்டியில் இருக்கட்டும். எழுதி முடித்ததைத் திரும்பக் கொண்டுபோய், தமிழோ கன்னடமோ, சொன்னவருக்குப் புரியும் பேச்சில் வாசித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொல்லும் வரியை அங்கேயே, அவர் கண்முன்னே அடித்துவிடுங்கள்.