தராசு யார் கையில்?

(நீலகிரித் தேயிலைத் தோட்ட மேலாளர்கள், தொழிற்சாலை உரிமையாளர்கள், விடுதி நடத்துவோர் முன் குன்னூரில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வருகைக்குப் பேர் போடுகிறவர் மேற்பார்வையாளர். எந்த நிரையில் எடுக்க வேண்டும் என்று சொல்வதும் அவர்தான். சாயங்காலம் தராசுப் பக்கத்தில் நின்று, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிப்பதும் அவர்தான். தோட்டம் தந்த லைன் வீட்டுக் கூரை ஒழுகினால்கூட அவர் காதில்தான் போட வேண்டும். அந்த ஆள்மேல் பாலியல் தொல்லைப் புகார் சொல்ல ஒரு பெண் உங்கள் ஆபீஸ் படி ஏறுகிறார் என்றால், அன்றைய கூலியையும் வீட்டையும் பணயம் வைத்துத்தான் ஏறுகிறார். சட்டப் பிரிவுகளைப் படிக்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க, 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது. 2013-இல் அது சட்டமாகி, அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேராவது வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். தினக்கூலி, ஒப்பந்தக் கூலி, தற்காலிக ஆள், பயிற்சிக்கு வந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். ஆட்களை ஏற்றிச் செல்ல நீங்கள் விடும் டெம்போவும் பணியிடம்தான். அதில் நடப்பதற்கும் நீங்கள் பொறுப்பு.

குழுவில் குறைந்தது நான்கு பேர்: தலைவராக ஒரு மூத்த பெண் அலுவலர், ஊழியர்களிலிருந்து இருவர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. தோட்டத்தில் மூத்த பெண் அலுவலரே இல்லை என்பார்கள். அதே நிறுவனத்தின் வேறு கிளையிலிருந்து அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் குன்னூர்த் தலைமை ஆபீசில் ஒரே குழுவை வைத்துக்கொண்டு பந்தலூர் தோட்டத்துக்கும் அதுவே என்பது செல்லாது. கிளைக்குக் கிளை தனிக் குழு வேண்டும். வெளி உறுப்பினர் இடத்தில் மேலாளரின் மனைவி பெயரை எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள், புகார் வரும் நாளில் நன்றாக மாட்டிக்கொள்வார்கள்.

புகார் எழுத்தில் வர வேண்டும்; சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்து, குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "தகாத முறையில் நடந்தார்" என்று மெருகேற்றினால் பின்னால் ஒன்றும் நிற்காது. எந்தத் தேயிலைக் காடு, எந்த நேரம், என்ன சொன்னார், எங்கே தொட்டார், பக்கத்தில் யார் என்று எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். ஆறு பிரதி வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க அந்தப் பெண்ணை டவுனுக்கு அனுப்பாதீர்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் என்றால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஆளைக் கூட்டி வந்த ஒப்பந்தக்காரரை மட்டும் அதற்குக் கூப்பிடவே கூடாது.

ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு, அதாவது யார்மேல் புகாரோ அவருக்கு, ஒரு பிரதி போக வேண்டும். பத்து வேலை நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். விசாரணைக்கு 90 நாள், அது முடிந்து அறிக்கைக்குப் 10 நாள், அறிக்கை கையில் கிடைத்ததும் நீங்கள் நடவடிக்கை எடுக்க 60 நாள். வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. அமர்வில் தலைவரோடு சேர்த்து மூன்று பேராவது இருக்க வேண்டும். பெரும்பாலான தவறு இதற்கெல்லாம் முன்பே நடந்துவிடுகிறது. மேலாளர், "நானே கேட்டுப் பார்க்கிறேன்" என்று இருவரையும் ஒரே அறையில் நிற்க வைப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் சாட்சிகள் கலைந்துவிடுவார்கள்.

இனி, முதல் வாரம். பெண் எழுத்தில் கேட்டால், குழு இடைக்காலப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கலாம்: இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றுவது, உரிய விடுப்பு போக மூன்று மாதம் வரை விடுப்பு, அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடும் அதிகாரத்தை எதிர்த்தரப்பிடமிருந்து எடுப்பது. தோட்டத்தில் இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: தராசும் பேரேடும் வேறு கைக்குப் போக வேண்டும். வழக்கத்தில் நடப்பது தலைகீழ். பெண்ணைத் தூரத்து டிவிஷனுக்கு அனுப்புவார்கள். குழந்தையை விட ஆளிருக்காது, பழகிய காடு இருக்காது, எடை குறையும், கூலி குறையும். ஊரே அதைத் தண்டனை என்று புரிந்துகொள்ளும். அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். பெண்ணே கேட்டாலன்றி அவரை மாற்றாதீர்கள், ஆணை மாற்றுங்கள். விசாரணைக்கு வரும் நாளுக்கு முழுநாள் பேர் போடுங்கள். எடை போடும் நேரத்தில், எல்லாரும் பார்க்கும் ஜன்னலோரம் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள்.

"பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்களும் சங்கத்துக்காரர்களும் வருவார்கள். சமரசம் உண்டு, விசாரணைக்கு முன்பு, பெண் தானாகக் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. பெண் போலீசுக்குப் போக விரும்பினால் உதவுவதும் முதலாளியின் கடமை. அதற்காகக் குழுவின் விசாரணை நிற்க வேண்டியதில்லை. புகாரில் தொடர்புடையவர்களின் பெயரை வெளியே சொன்னவருக்கு 5,000 ரூபாய் அபராதம். நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் புகார் பொய்யாகிவிடாது. கெட்ட எண்ணம் இருந்தது என்பதைத் தனியே விசாரித்து நிறுவ வேண்டும். பொய்ப் புகார்களைப் பற்றியே பேசும் முதலாளிகள் இந்தப் பிரிவை மட்டும் பாதி வாசிக்கிறார்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான ஹோம்ஸ்டே, சிறு கடை என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் தவறினால் இரட்டிப்பு, உரிமமே போகவும் கூடும்.

அறிவிப்புப் பலகை சட்டப்படி கட்டாயம். ஆபீஸ் உள்சுவரில் மாட்டினால் கணக்கெழுதும் ரைட்டர்தான் படிப்பார். எடை போடும் கொட்டகையிலும் பிள்ளைக் காப்பகத்திலும் மாட்டுங்கள். தமிழிலும் இந்தியிலும் எழுதி, குழுவினர் பெயரும் போன் நம்பரும் போடுங்கள். நம்ம ஊர் மூடுபனியில் காகிதம் ஊறிப்போகும், தகரத்தில் எழுதுங்கள். உறுப்பினர் மாறினால் அன்றைக்கே பெயின்ட் டப்பாவை எடுங்கள்.