மேகக்காட்டில் ஒரு மௌனக் கூட்டம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா நாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் மோன்டேவெர்டே என்று ஒரு மலையூர். வருடம் முழுக்க மேகம் தவழும் காடு. கெட்சால் என்ற பச்சை நிறப் பறவையைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் அங்கே ஆட்கள் வருகிறார்கள். அந்தக் காடு தப்பிப் பிழைத்த கதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஒரு நீதிமன்ற வழக்கில் தொடங்குகிறது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் வழியாக உருவான கிறிஸ்தவ சமயக் குழுவினர். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்களுடைய உறுதிப்பாடுகளில் ஒன்று. நமக்கு முற்றிலும் அந்நியமானவர்களும் அல்லர். 1928இல் சென்னை வேப்பேரி பெண்டிங் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, பின்னாளில் காந்தியின் சேவாகிராமத்தில் பணியாற்றி, கோத்தகிரியிலும் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் ஒரு குவேக்கர்தான்.

சரி, அலபாமாவுக்கு வருவோம். ஃபேர்ஹோப் என்ற ஊரில் குவேக்கர் விவசாயக் குடும்பங்கள் சில இருந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948இல், அமெரிக்க அரசு மறுபடியும் இளைஞர்களை ராணுவத்துக்குப் பதிவு செய்யச் சட்டம் போட்டது. சமய நம்பிக்கையைக் காட்டிப் போருக்குப் போகாமல் விலக்குப் பெற அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. ஆனால் ஃபேர்ஹோப் இளைஞர்கள் நான்கு பேர், பெயரைப் பதிவு செய்வதே போர் ஏற்பாட்டில் பங்கெடுப்பதுதான் என்று சொல்லி அதற்கும் மறுத்துவிட்டார்கள். 1949 அக்டோபரில் ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்று தீர்ப்பானது. சுமார் நான்கு மாதம் உள்ளே இருந்த பிறகு பரோலில் வெளியே வந்தார்கள். நாட்டின் சட்டம் பிடிக்காதவர்கள் நாட்டை விட்டுப் போகலாம் என்ற பொருளில் நீதிபதி சொன்னதை அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை அவர்கள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு வியப்பு.

கோஸ்டா ரிக்கா அப்போதுதான் ஓர் உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டு, 1948 டிசம்பரில் தன் ராணுவத்தையே கலைத்திருந்தது. போருக்கு வரி கட்ட விரும்பாத விவசாயிகளுக்கு அதைவிட நல்ல இடம் எது? 1950இன் இறுதியில் குடும்பங்கள் கிளம்பின. சிலர் விமானத்தில் போனார்கள். சிலர் சாமான்களை வண்டிகளில் ஏற்றித் தரைவழியாகப் போனார்கள். கண்டங்களை இணைக்கும் பெருஞ்சாலை அப்போது முழுதாகப் போடப்படவில்லை. சாலை இல்லாத இடத்தில் தாங்களே வழி உண்டாக்கிப் போக வேண்டியிருந்ததால், தரைவழிப் பயணம் மட்டும் சுமார் மூன்று மாதம் பிடித்தது.

நிலம் தேடி அலைந்து, 1951 ஏப்ரலில் மலைமேல் சுமார் 1,400 ஹெக்டேர், நம் கணக்கில் 3,400 ஏக்கர் சொச்சம் வாங்கினார்கள். வந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு நாற்பது பேர் அளவில்தான். மாட்டுவண்டி ஏறும் பாதையை ஜீப் ஏறும்படி சரிசெய்தார்கள். முதலில் கூடாரம், அப்புறம் மரவீடு. அந்த மலை ஆளில்லாத மலை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோஸ்டா ரிக்க விவசாயக் குடும்பங்கள் முன்பே அங்கே வந்து காடு திருத்திப் பயிர் செய்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் அந்தச் சேற்றுமலையில் எப்படிப் பிழைப்பது என்று புதியவர்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு அவர்களிடமிருந்துதான்.

பால் கறந்தார்கள். கறந்த பாலை அந்தப் பாதையில் இறக்கி நகரத்துக்குக் கொண்டுபோவதற்குள் கெட்டுவிடும். சீஸ் ஆக்கினால் தாங்கும். அப்படித்தான் 1950களின் தொடக்கத்தில் ஒரு சிறிய சீஸ் தொழிற்சாலை எழுந்தது. சுற்றுவட்டார விவசாயிகளும் அதற்குப் பால் ஊற்றினார்கள். நாளடைவில் மோன்டேவெர்டே சீஸ் நாடு முழுவதும் பெயர் பெற்றது.

இந்த ஊரின் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மோன்டேவெர்டே குவேக்கர்களின் வழிபாட்டில் பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை. எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு சொல் எழுந்தால் எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். மறுபடி மௌனம். கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கினால் வழிபாடு முடிந்தது என்று அர்த்தம். ஊர்க்காரியங்களைப் பேசும் கூட்டமும் இதே மௌனத்தில்தான் தொடங்கும். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் இந்தப் பக்கம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். எல்லாருக்கும் உடன்பாடான முடிவை நடத்துபவர் அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டுவார். மெதுவான வழிதான். ஆனால் இப்படி எடுத்த முடிவில் தோற்றுப்போனவர் என்று ஒருவர் இருப்பதில்லை. காட்டின் கதையை இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

வாங்கிய நிலத்தில் மலையுச்சியை ஒட்டிய 554 ஹெக்டேரை வெட்டாமல் விட்டுவிடுவது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சுற்றுச்சூழல் என்று யாரும் பேசாத காலம் அது. அவர்களுக்கு இருந்த கவலை தண்ணீர். குவாசிமால் ஆற்றின் ஊற்றுக்கண்கள் அந்த உச்சியில் இருந்தன. காடு போனால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் மாடும் இல்லை, மின்சாரமும் இல்லை. சொந்த நிலத்தில் இவ்வளவைத் தொடாமல் விட எந்தப் புது விவசாயிக்கு மனம் வரும்?

அதற்காக அவர்கள் காட்டையே தொடாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மீதி நிலத்தில் காட்டை அழித்துத்தான் மேய்ச்சல் நிலம் உண்டாக்கினார்கள். சிறை சென்ற நால்வரில் ஒருவரான வில்ஃபர்ட் கிண்டன் இயந்திர வாளால் மரம் வெட்டுவதில் தேர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பவல் என்ற இளம் பறவை ஆய்வாளர் அங்கே வந்தார். மலையின் மறுபுறக் காடு வேகமாக அழிவதைப் பார்த்து, அதை வாங்கிக் காப்பாற்றக் கிண்டனின் துணையைக் கேட்டார். மரம் வெட்டிய அதே மனிதர் காட்டின் காவலரானார். 1972இல் மோன்டேவெர்டே மேகக்காட்டுக் காப்பகம் பிறந்தது. குவேக்கர்கள் தங்கள் 554 ஹெக்டேரையும் அதோடு சேர்த்துப் பராமரிக்கக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1987இல் ஸ்வீடன் நாட்டின் ஒரு சிறு பள்ளிப் பிள்ளைகள் இந்தக் காட்டுக்காகப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த பிள்ளைகளின் காடு இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல்.

எல்லாம் காப்பாற்றப்படவில்லை. அந்த மலைமுகட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்தேரை ஒன்று இருந்தது. ஆண் தேரை பளீரென்ற ஆரஞ்சு நிறம். விலங்கியலாளர் ஜே சாவேஜ் 1966இல் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1987இல் 1,500க்கும் மேற்பட்ட தேரைகளை எண்ணினார்கள். 1989இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு இல்லை. வெப்பமாதலும் ஒரு பூஞ்சை நோயும் காரணங்களாகப் பேசப்படுகின்றன. வேலி போட்டுக் காத்த காட்டுக்குள்ளேயே ஓர் உயிரினம் முடிந்துபோனது என்னை மிகவும் வருத்துகிறது.

ஊரும் மாறிவிட்டது. சீஸ் தொழிற்சாலை 2013இல் ஒரு மெக்சிகோ நிறுவனத்தின் கைக்குப் போனது. பால் மாடுகளைவிட இப்போது சுற்றுலாதான் பெரிய பிழைப்பு. ஆனால் 1951இலேயே அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படிப்பவர்களில் உள்ளூர் கோஸ்டா ரிக்கப் பிள்ளைகளும் நிறைய. வழிபாட்டுக் கூட்டமும் தொடர்கிறது. குவேக்கர் அல்லாதவரும், காடு பார்க்க வந்த வழிப்போக்கரும், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய் உட்காரலாம்.

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.